அலெக்சாண்டர் டெக்னிக் வகுப்பு: வாத்தியக்காரர்களும் பாடகர்களும் காசு கொடுத்துப் போகலாமா?

‘கூன் போடுகிறேன், நிமிர்த்திவிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டு அலெக்சாண்டர் டெக்னிக் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம்தான். நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னால் இழு, வயிற்றை எக்கு என்று எதுவும் சொல்லமாட்டார்கள். சாதாரண நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து எழச் சொல்வார்கள், மறுபடி உட்காரச் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் பாதி இப்படியே போய்விடும். ‘இதற்கா காசு?’ என்று தோன்றத்தான் செய்யும். ஆனாலும் உடம்பைக் கவனிக்கக் கற்றுத்தரும் முறைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், மேடையேறுகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வோம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், நியூயார்க் ஜூலியார்ட் போன்ற இசைப் பள்ளிகளில் இதற்குத் தனி ஆசிரியர்களே இருக்கிறார்கள். எரிச்சலூட்டும் குறைகளும் இந்த வகுப்புகளில் இருக்கின்றன. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பு ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், 30 முதல் 45 நிமிடம் நடக்கும். உடை மாற்ற வேண்டாம், வியர்க்காது. நாற்காலியில் பாதி, மேசையில் படுத்தபடி பாதி என்பது வழக்கமான அமைப்பு.

நாற்காலியில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆசிரியரின் ஒரு கை உங்கள் மண்டையோட்டின் பின் அடிவிளிம்பில் லேசாகப் பட்டும் படாமலும் இருக்கும். ‘எழுந்திருங்கள்’ என்ற சொல் காதில் விழுந்ததும், உடம்பு இன்னும் நகரவே ஆரம்பிக்காத அந்த நொடியில், பிடரித் தசை இறுகிவிடும். முகவாய் தூக்கிக்கொள்ளும், தலை பின்னும் கீழுமாக இழுபடும், மூச்சு நிற்கும், கைகள் தொடையை அழுத்தத் தயாராகிவிடும். பெரும்பாலோருக்கு இப்படி நடப்பதே தெரியாது. ஆசிரியரின் கைக்குத் தெரிந்துவிடும். அடுத்து அவர் சொல்வதுதான் பாடம்: ‘எழ வேண்டும் என்ற நினைப்பு வரட்டும். ஆனால் எழாதீர்கள்.’ வந்த தூண்டுதலுக்கு உடனே இசைந்துவிடாமல் நிறுத்திவைக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் முதல் பத்து வகுப்பும் போகிறது. நிறுத்திய பிறகு மனதுக்குள் சில கட்டளைகள்: கழுத்து தளரட்டும், தலை முன்னும் மேலும் போகட்டும், முதுகு நீளட்டும், அகலட்டும். அதன் பிறகே உடம்பு இடுப்பு மூட்டில் முன்னால் சாய்ந்து, பாதத்தின் மேல் எடை வந்து, எழும்.

இந்தக் கட்டளைகளில்தான் புதியவர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். ‘தலை முன்னால்’ என்றதும் முகத்தை ஆமை மாதிரி வெளியே நீட்டுகிறார்கள். சொல்லப்படுவது அதுவல்ல. தலை முதுகெலும்பின் உச்சியில் உட்காரும் மூட்டு, இரண்டு காதுகளுக்கும் நடுவே, அண்ணத்தின் உயரத்தில், அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அந்த மூட்டில் மூக்கு நூலிழை அளவு கீழே இறங்கும்படி தலை உருள்வதுதான் ‘முன்னால்’. இந்த மூட்டு சட்டைக் காலருக்குப் பின்னால் புடைத்து நிற்கும் எலும்பில் இருக்கிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால், ‘ஆமாம்’ என்று தலையாட்டும்போதுகூடக் கழுத்து முழுவதையும் மடக்குகிறார்கள். நாலரை முதல் ஐந்து கிலோ கனமுள்ள தலையை அப்படி முன்னால் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் சாதகம் செய்தால், பிடரியும் தோள்பட்டையும் வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு சறுக்கல், கட்டளையைச் ‘செய்துவிடுவது’. முதுகு நீள வேண்டுமென்று முதுகை நீட்டி இழுத்தால் இடுப்பின் பின்வளைவு கூடி, விலா எலும்புகள் முன்னால் தள்ளி, மூச்சு மேல்மார்போடு நின்றுவிடும். பார்க்க நிமிர்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு இழுபறி நடந்துகொண்டிருக்கும். நல்ல ஆசிரியர் இதை உடனே பிடித்துவிடுவார். சுமாரான ஆசிரியர் ‘ஆகா, நன்றாக நிமிர்ந்திருக்கிறீர்கள்’ என்பார்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் முறையின் குணமும் புரியும். 1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்த ஃபிரெடரிக் மத்தாயஸ் அலெக்சாண்டர், மேடையில் கவிதையும் நாடகப் பகுதிகளும் சொல்லும் கலைஞர். மேடையில் குரல் கம்மிவிடும். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் மறுபடி கம்மும். அப்படியானால் மேடையில் தான் செய்யும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று கண்ணாடிகளை வைத்துக்கொண்டு தன்னையே கவனித்தார். சொல்ல ஆரம்பிக்கும்போது தலையைப் பின்னுக்கு இழுப்பதும், குரல்வளையை அழுத்துவதும், வாயால் சத்தத்தோடு மூச்சை உறிஞ்சுவதும் தெரிந்தது. சரி, தலையை முன்னால் வைக்கலாம் என்று முயன்றார். வைத்துவிட்டதாகத்தான் உணர்ந்தார். கண்ணாடியோ தலை இன்னும் பின்னால் போயிருப்பதைக் காட்டியது. 1904-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர், 1931-ல் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கி, 1955-ல் இறக்கும் வரை இதையே சொல்லிக்கொடுத்தார். எழுத்தாளர்கள் பெர்னார்ட் ஷாவும் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் இவரிடம் பாடம் கேட்டவர்கள்.

‘சரியாக இருக்கிறது’ என்ற உணர்வையே நம்ப முடியாது என்பதுதான் இந்த முறையின் முதுகெலும்பு. பல வருடம் பின்னால் சாய்ந்தே நின்று பழகியவரை நேராக நிறுத்தினால், முன்னால் விழப்போவதாகப் பதறுவார். அதனால்தான் புத்தகம் படித்து இதைக் கற்றுக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது, வெளியே ஒரு கை வேண்டியிருக்கிறது. கை இல்லாத நேரத்துக்குக் கேமரா உதவும். போனைப் பக்கவாட்டில், உங்கள் காதின் உயரத்தில் நிறுத்தி, வாத்தியத்தை எடுப்பதற்குப் பத்து விநாடி முன்பிருந்து முதல் வரி முடியும் வரை படமெடுங்கள். வாசிப்பைப் பார்க்க வேண்டாம். முதல் சுரத்துக்கு முந்தைய அரை நொடியை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேண்டிய விவரம் அங்கேதான் கிடைக்கும்.

மேசையில் நடக்கும் பாதிப் பாடத்தை வீட்டில் தரையில் செய்யலாம். இந்த முறை தரும் இலவசப் பொருள் இதுதான், அதுவும் தரமான பொருள். மெத்தை கூடாது, தரைவிரிப்பு அல்லது மடித்த போர்வை போதும். மல்லாந்து படுத்து, தலைக்கடியில் கெட்டி அட்டை இல்லாத புத்தகங்களை அடுக்குங்கள். உயரம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக 2 முதல் 8 செ.மீ. முகவாய் கூரையைப் பார்த்துத் தூக்கினால் அடுக்கு தாழ்வு. எச்சில் விழுங்கத் தொண்டை இடறினால் அடுக்கு உயரம். புத்தகம் மண்டையின் எலும்பில்தான் படவேண்டும், கழுத்தில் அல்ல. முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் தரையில் பதியுங்கள். முழங்கால்கள் உள்ளே சரிந்தால் பாதங்களைக் கொஞ்சம் நெருக்கியும், வெளியே சரிந்தால் கொஞ்சம் அகட்டியும் வைத்துப் பார்த்தால், தொடையைப் பிடித்துவைக்காமலே அவை நிற்கும் இடம் ஒன்று கிடைக்கும். கைகள் கீழ்விலாவின் மேல், முழங்கைகள் இரண்டு பக்கமும் விலகியபடி. கண் திறந்திருக்கட்டும்; மூடினால் தூக்கம் வரும், பாடம் போய்விடும். 10 முதல் 20 நிமிடம். இடுப்பைத் தரையோடு அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், அது தானாக இறங்கும்போது இறங்கட்டும். எழும்போது நேராக எம்பாதீர்கள். முதலில் கண், பிறகு தலை, பிறகு உடம்பு என்று ஒரு பக்கம் புரண்டு, கை ஊன்றி எழுங்கள். நேராக எம்பி எழுந்தால் இருபது நிமிடம் தளர்ந்த கழுத்து ஒரே நொடியில் இறுகிவிடும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவர்கள் மல்லாந்து படுக்கும் இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். அண்மையில் முதுகிலோ கழுத்திலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி முக்கியமான புகார். வாத்தியக்காரர் ஒருவர் வந்தால், வாத்தியத்தைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே விடாமல் மாதக்கணக்கில் நாற்காலிப் பாடமே நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அடிப்படை முதலில் என்பது அவர்கள் வாதம். பாதி நியாயம்தான். நாற்காலியில் தளரும் கழுத்து வில்லைத் தொட்டதும் இறுகுகிறது என்றால், வில்லைத் தொடும் நொடியில் அல்லவா பாடம் நடக்கவேண்டும்? காசுக்குத் தகுந்த வகுப்பு எது என்பதை நாங்கள் இதை வைத்தே அளப்போம்.

வயலினில் நடக்கவேண்டியது இது: தலையை வயலினிடம் கொண்டுபோகாமல், தலை தன் இடத்தில் இருக்க, வயலின் வந்து காறை எலும்பில் உட்காரவேண்டும். பிறகு தலை இடப்பக்கம் திரும்பி, காதுகளுக்கு நடுவிலுள்ள மூட்டில் லேசாகக் குனிந்தால், வயலினில் தாடைக்கென்று பொருத்தியிருக்கும் தாங்கியைத் தாடை தொடும். தொடவில்லை, இடைவெளி இருக்கிறது என்றால் அது உடம்பின் குற்றமல்ல, பொருத்தத்தின் குற்றம். நீளமான கழுத்துள்ளவர் தாழ்வான தாங்கியை வைத்துக்கொண்டு எந்த முறையைக் கற்றாலும், இடது தோளைத் தூக்கியோ தாடையால் இடுக்கியோதான் வாசிப்பார். தாங்கியின் உயரத்தை மாற்றச் சொல்லத் தெரிந்த ஆசிரியர் உங்கள் பத்து வகுப்பை மிச்சப்படுத்துகிறார்.

பியானோவில் முழங்கை ஏறத்தாழ கட்டைகளின் மேற்பரப்பு மட்டத்தில் வரும்படி இருக்கையை வைத்து, அதன் முன்பாதியில் உட்காரவேண்டும். பலத்த பகுதி வரும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். பாடகர்களுக்கு அலெக்சாண்டர் விட்டுச்சென்ற பயிற்சி ஒன்று இன்னும் அருமையாக வேலை செய்கிறது: வாய் தளர்ந்து திறந்திருக்க, குரல் சேர்க்காமல் கிசுகிசுப்பாக ‘ஆ’ என்று மூச்சு தீரும் வரை விடுங்கள். சக்கையாகப் பிழிய வேண்டாம். வாயை மூடுங்கள், மூச்சை இழுக்காதீர்கள். மூக்கு வழியாக அது தானே உள்ளே வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் சத்தமாக மூச்சு வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, இழுக்காமலே மூச்சு வரும் என்பதே புதுச் செய்தி.

தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர், வாசிக்கிறவர் விஷயத்தில் நாற்காலிப் பாடம் அப்படியே செல்லாது. முழங்கால் இடுப்பைவிட உயரமாக நின்றால் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகு வளைந்து, அதைச் சரிக்கட்டத் தலை முன்னால் வந்துவிடும். அங்கே கழுத்தைத் திருத்தி ஒன்றும் ஆகாது. முழங்கால் இடுப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை பின்புறத்துக்கு அடியில் மடித்த போர்வையைச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். மைக்கும் முகத்தைத் தேடி வரவேண்டும். பாட்டு எழுதிய தாளைத் தரையில் போட்டுவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்பவருக்கு வகுப்பு தேவையில்லை, ஒரு சிறிய ஸ்டாண்டு போதும்.

ஆதாரம் இருக்கிறதா? முதுகுவலிக்கு நன்றாகவே இருக்கிறது. 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் கீழ்முதுகுவலி உள்ள 579 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்து நான்கு வாரத்தில் 21 நாள் வலி; 24 வகுப்பு எடுத்தவர்களுக்கு 3 நாள். ஆறே வகுப்போடு நடைப்பயிற்சியும் சேர்ந்தபோது, 24 வகுப்பின் பலனில் 72 சதவீதம் கிடைத்தது. காசைக் கணக்குப் பார்ப்பவர்கள் குறித்துக்கொள்ளவேண்டிய எண் இது. கழுத்துவலிக்கு 517 பேரை வைத்து 2015-ல் வெளியான ஆய்விலும் பலன் தெரிந்தது. மேடைப் பயம் குறையும், தொனி கூடும் என்பதற்கெல்லாம் இந்த அளவு ஆதாரம் கிடையாது. விளம்பரத்தில் அப்படி எழுதியிருந்தால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

மாற்று என்று பார்த்தால் முதலில் ஃபெல்டன்கிரைஸ். இயற்பியல் படித்தவரும் ஜூடோ வீரருமான மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984), முழங்கால் காயத்தைச் சமாளிக்கப்போய் உருவாக்கியது. குழு வகுப்பு பெரும்பாலும் தரையில் படுத்தபடி 45 முதல் 60 நிமிடம். ஆசிரியர் செய்துகாட்டமாட்டார், வாயால் மட்டுமே சொல்வார். செய்துகாட்டினால் எல்லாரும் நகலெடுப்பார்கள், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது காரணம். இதன் ருசியை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, சிரமமில்லாமல் எதுவரை தெரிகிறது என்று சுவரில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது தலை வலப்பக்கம் போகப்போகக் கண்கள் இடப்பக்கம் போகட்டும். ஐந்தாறு முறை, அவசரமில்லாமல். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, கண்ணும் தலையும் சேர்ந்தே திரும்பட்டும். பலருக்கும் பார்வை குறித்த இடத்தைத் தாண்டிப் போகும். கழுத்தை யாரும் இழுக்கவில்லை. கண்ணோடு சேர்ந்தே திரும்பும் பழக்கத்தைப் பிரித்ததுதான் வேலை செய்தது.

குழு வகுப்பு என்பதால் செலவு குறைவு, ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு வீட்டிலும் செய்யலாம். கெட்டுப்போவது இரண்டு வழியில். உடற்பயிற்சி என்று நினைத்து எல்லை வரை இழுத்துச் செய்பவர்களுக்கு மறுநாள் வலிதான் மிஞ்சும். முடிந்ததில் பாதியளவு அசைத்தால் போதும். இரண்டாவது, வகுப்பு முடிந்ததும் கிடைக்கும் லேசான உணர்வு வாத்தியத்தை எடுத்ததும் ஓடிவிடுகிறது. தரைக்கும் மேடைக்கும் நடுவே பாலம் போடும் வேலையை இந்த முறை உங்களிடமே விட்டுவிடுகிறது. அதனால்தான் இரண்டாமிடம்.

பாடி மேப்பிங் இதன் நேர்மாறு: முழுக்க விளக்கம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செல்லோ கற்பித்த வில்லியம் கோனபிளும் பார்பரா கோனபிளும் வளர்த்தது. உடம்பைப் பற்றி மூளை வைத்திருக்கும் படம் தப்பாக இருந்தால் அசைவும் தப்பாகத்தான் இருக்கும் என்பது அடிப்படை. உதாரணத்துக்கு, கை எங்கே ஆரம்பிக்கிறது? தோள்பட்டையில் என்போம். எலும்புக்கணக்கில் கை உடம்போடு சேர்வது கழுத்துக்குழிக்குப் பக்கத்தில், காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் இடத்தில். வேறெங்கும் இல்லை. அங்கே விரலை வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினால் எலும்பு புரள்வது தெரியும். இன்னொன்று, உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பு அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்க, கட்டைவிரல் பக்க எலும்புதான் அதன் மேல் குறுக்கே புரள்கிறது. கட்டைவிரலை அச்சாக நினைத்துக் கவிழ்ப்பவரின் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிந்து நிற்கும். கீபோர்டில் தட்டச்சு செய்கிறவர்களிடமும் இதே கோணலைப் பார்க்கலாம். ஒரு நாள் பட்டறையில் கொட்டிக்கொடுக்கும் விஷயம் இவ்வளவும். காரணம் தெரியாமல் எதையும் செய்யப் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. ஏற்கெனவே அதிகம் யோசித்து இறுகிப்போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது.

தோளைப் பின்னால் இழுக்கும் பெல்ட்டைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. அக்குளை அறுக்கும், விலா விரிவதைத் தடுக்கும், வில் பிடிக்கும் கையைக் கட்டிப்போடும். கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கே போய்விடும். முதுகில் ஒட்டி, குனிந்தால் அதிரும் கருவிகளும் அப்படித்தான். அவை அளப்பது சாய்வை மட்டும், இறுக்கத்தை அல்ல. உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டே அந்தக் கருவியிடம் நல்ல பெயர் வாங்கிவிடலாம்.

அலெக்சாண்டர் ஆசிரியரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது பயிற்சியைப் பற்றி. பிரிட்டனில் 1958-ல் தொடங்கிய ஆசிரியர் சங்கமும் அதோடு இணைந்த சங்கங்களும் வைத்திருக்கும் அளவுகோல், மூன்று வருடத்தில் 1600 மணி நேரப் பயிற்சி. வாரக் கடைசிப் பட்டறைச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. ஆறு வகுப்புக்குள் இது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். பழக்கம் மாற 20 முதல் 30 ஆகலாம். தொடக்கத்தில் வாரம் இரண்டு எடுப்பது, அதே எண்ணிக்கையை வாரத்துக்கொன்றாக இழுப்பதைவிட நல்லது. இணையவழி வகுப்பில் கை இல்லை என்பதால் பாதிச் சாரம் போய்விடும். நேரில் பத்துப் பதினைந்து வகுப்பு எடுத்தவர்கள் தொடர்வதற்கு மட்டும் அது சரி. முதல் வகுப்பிலேயே ‘இந்த நிலையை நாள் முழுக்கப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறவர், நோய்களின் பட்டியலைச் சொல்லி எல்லாம் தீரும் என்கிறவர், நிறுவனரின் வாசகங்களை வேதம் மாதிரி ஒப்பிக்கிறவர், இந்த மூவரிடமும் இரண்டாவது வகுப்புக்குப் போகவேண்டாம்.

விரல் மரத்துப்போவது, பிடி நழுவுவது, இரவில் எழுப்பும் வலி, வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்வது இவையெல்லாம் முதலில் மருத்துவரிடம் போகவேண்டியவை. கச்சேரி நெருங்கும்போது சாதக நேரத்தை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கியதால் வந்த வலிக்கும் வகுப்பு மருந்தாகாது. நேரத்தைக் குறைத்து, 25 நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியத்தைக் கீழே வைக்கவேண்டும். தசைக்கு வலு இல்லாதவருக்கு வலுவூட்டும் பயிற்சி தனியாக வேண்டும். தளர்த்தக் கற்றதனால் வலு வந்துவிடாது.

முதல் முறை போனில் பேசும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ‘வாத்தியத்தை எத்தனாவது வகுப்புக்குக் கொண்டுவரலாம்?’ ‘முதல் நாளே கொண்டுவாருங்கள்’ என்றால் ஆறு வகுப்புக்கு முன்பணம் கட்டலாம். ‘அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்’ என்றால் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.